சூடானால் மக்கர் பண்ணும் பெட்ரோல் வண்டி: இக்னிஷன் மாட்யூலை டெல்கோவிலிருந்து பிரித்து வைப்பது எப்படி

காலையில் வண்டி ஒரே சுற்றில் பிடித்துவிடும். விடியுமுன் உசிலம்பட்டிப் பக்கமிருந்து மல்லி ஏற்றி வந்து மாட்டுத்தாவணியில் இறக்கும்வரை ஒரு குறையும் இருக்காது. அதே வண்டியை மத்தியானம் இரண்டு மணிக்குத் திருமங்கலத்தில் டீக்கடை ஓரம் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. தள்ளினாலும் பிடிக்காது. பேனட்டைத் தூக்கிவைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் சூடு இறங்கியிருக்கும், அங்கே நன்றாகவே ஓடிக் காட்டும். காயில் மாறும், பிளக் மாறும், பெட்ரோல் பம்ப் மாறும். அடுத்த வெயிலில் பழைய குருடி கதவைத் திறடி.

பழைய பெட்ரோல் ஜீப், பின்பக்கம் தொட்டி கட்டிய பிக்கப், லோடு ஏற்றும் சின்ன வேன் போன்ற வண்டிகளில் இதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது இக்னிஷன் மாட்யூல். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புத் துண்டு அது. பல வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளேயோ அதன் இடுப்பிலோ உட்கார்ந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய மெக்கானிக்குகள் டெல்கோ என்பார்கள். எழுத்துக்கூட்டாமல் சொல்லக்கூடிய பெயர் என்பதால் இங்கும் அதுவே. டீசல் வண்டிக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். டீசல் இன்ஜினில் பொறி கொடுக்கும் வேலையே இல்லை, ஆகவே இந்த மாட்யூலும் இல்லை.

மாட்யூல் செய்யும் வேலை

காயிலுக்குள் இரண்டு சுற்று இருக்கிறது. தடித்த சுற்றில் 12 வோல்ட் கரண்ட் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உருவாகும். அந்தக் கரண்டைச் சட்டென்று வெட்டினால் காந்தப்புலம் சரிந்து, மெல்லிய சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பும். அது டெல்கோ மூடி, பிளக் ஒயர் வழியாகப் போய் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது. கரண்டை ஓடவிட்டபோது பொறி வராது, வெட்டும்போதுதான் வரும். அப்படியானால் வெட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் முன்பு சி.பி. பாயிண்ட். கண் எதிரே திறந்து மூடும் இரண்டு உலோக முனைகள். தேய்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடைவெளி வைத்து ஓட்டினோம். பிறகு அந்த இடத்துக்கு டிரான்சிஸ்டர் வந்தது. டெல்கோ தண்டில் பல் வைத்த சக்கரம் ஒன்று சுற்றும். ஒவ்வொரு பல்லும் பக்கத்தில் இருக்கும் பிக்கப் காயில் என்ற சின்னச் சுருளைக் கடக்கும்போது அதில் சின்ன ஏசி அலை எழும். அந்த அலையைப் பார்த்து, எப்போது வெட்டுவது என்று முடிவெடுத்து வெட்டுவதுதான் மாட்யூல். நாலு சிலிண்டர் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்மில் ஓடினால் நொடிக்கு 100 முறை வெட்ட வேண்டும். தேய்மானம் கிடையாது, ட்யூனிங் கிடையாது. சூடு ஒன்றுதான் அதற்கு ஆகாது.

டெல்கோ ஏன் மோசமான வீடு

மாட்யூல் வழியாக ஓடும் கரண்ட் 4 முதல் 6 ஆம்பியர். டிரான்சிஸ்டர் கரண்டை ஓடவிடும்போது அதன் குறுக்கே ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் விழும். இரண்டையும் பெருக்கினால் 4 முதல் 9 வாட் சூடு. நகம் அளவுள்ள டிரான்சிஸ்டர் சில்லிலிருந்து அது வெளியேறியாக வேண்டும். சிலிக்கான் சில் பொதுவாகத் தாங்கும் எல்லை 150 டிகிரி செல்சியஸ். அதனால்தான் மாட்யூலின் அடியில் உலோகத் தகடு வைத்து, அதை டெல்கோவின் அலுமினிய உடம்போடு ஒட்டி முடுக்குகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த டெல்கோவே இன்ஜின் பிளாக்கில் சொருகி நிற்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் 85 முதல் 95 டிகிரியில் இருக்கும். டெல்கோவின் உடம்பும் கிட்டத்தட்ட அதற்கு வந்துவிடும். தோசைக்கல்லின் மேல் ஜிகர்தண்டா குவளையை வைத்துக் குளிர வைப்பது மாதிரிதான். சில்லின் எல்லை 150, டெல்கோ 95 என்றால் சூடு இறங்க மிஞ்சுவது 55 டிகிரி வித்தியாசம். மாட்யூலை 60 டிகிரியில் இருக்கும் ஒரு தகட்டுக்கு மாற்றினால் வித்தியாசம் 90 டிகிரி. இந்தத் தோராயக் கணக்கே வேலையின் முழு நியாயமும்.

ஓடும்போது வராத கோளாறு, நிறுத்திய பிறகு ஏன் வருகிறது? ஓடும் வண்டியில் ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் பேனட்டுக்குள் அடிக்கும், தண்ணீர் சுற்றும். சாவியை அணைத்ததும் மூன்றும் நின்றுவிடும். இன்ஜினின் சூடு போக வழியில்லாமல் மேலே ஏறி, முதல் பத்து இருபது நிமிடத்துக்கு பேனட்டுக்குள் வெப்பம் கூடிக்கொண்டே போகும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் இரண்டாம் கியரில் ஏறிவந்து, வழியில் டீ குடிக்க நிறுத்தும் வண்டி சரியாக இந்த நேரத்தில்தான் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கும். சித்திரைத் திருவிழா நெரிசலில் கோரிப்பாளையத்தில் ஐடிலில் நகர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கும் இதே கதிதான், எதிர்க்காற்றே கிடையாது.

ஆறினால் சரியாவதற்கும் காரணம் இதுவே. ஆயிரம் முறை சூடேறி ஆறிய மாட்யூலுக்குள் எங்கோ ஓர் ஈயப் பற்றவைப்பு மயிரிழை விட்டிருக்கும். சூட்டில் விரிந்து பிரியும், ஆறினால் சேரும். முற்றிலும் செத்துப்போவதற்கு முன் மாதக்கணக்கில் இப்படி ஆட்டம் காட்டும்.

மாட்யூல்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

சூட்டில் நிற்கும் வண்டிக்கு மூன்று குற்றவாளிகள் உண்டு: மாட்யூல், காயில், பெட்ரோல் ஆவியடைப்பு. கடைசியானதை வேப்பர் லாக் என்பார்கள். பம்ப்புக்குள் பெட்ரோல் ஆவியாகி, ஓட்டம் நின்றுவிடும். மூன்றும் ஒரே மாதிரி நடிக்கும். பிடிக்க வேண்டுமானால் வண்டி நின்ற அந்த நிமிடமே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை.

ஒரு உதிரி பிளக், ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு மல்டிமீட்டர் டேஷ் பெட்டியில் இருக்கட்டும். வண்டி நின்றதும் ஒரு பிளக் ஒயரைக் கழற்றி உதிரி பிளக்கில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு இன்ஜினில் நன்றாகத் தொடும்படி வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நீலப் பொறி டப் டப்பென்று அடித்தால் இக்னிஷன் நலம். பெட்ரோல் பக்கம் போங்கள். பம்ப்பின் மேலும் பைப்பின் மேலும் ஈரத்துணி சுற்றி ஐந்து நிமிடத்தில் வண்டி பிடித்தால் அது வேப்பர் லாக். மாட்யூலைத் தொட வேண்டாம்.

பொறியே இல்லையென்றால், டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைக் காயிலின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையைப் பாடியிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். விளக்கு மினுக் மினுக்கென்று அடித்தால் மாட்யூல் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பொறி வராதது காயிலின் குற்றம். எரிந்தபடியே நின்றால் யாரும் வெட்டவில்லை என்று பொருள். எரியவே இல்லை என்றால் காயிலுக்குச் சப்ளை வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

யாரும் வெட்டவில்லை என்றால், உத்தரவு வரவில்லையா, வந்தும் மாட்யூல் கேட்கவில்லையா என்று பிரிக்க வேண்டும். பிக்கப் காயிலின் இரண்டு ஒயரையும் மாட்யூலிலிருந்து பிடுங்கி, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால் அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்ட வேண்டும். ஓம்மில் வைத்தால் வண்டிக்கு வண்டி சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை வரும். அளந்துகொண்டே ஒயரை லேசாக ஆட்டிப் பாருங்கள். பொறி அடிக்கும் நேரத்தை முன்னே தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் தட்டு அசையும்போதெல்லாம் அந்த ஒயர் மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்திருக்கும். வெளித்தோல் புதுசு மாதிரி இருக்கும். பிக்கப் நலம், சப்ளை நலம், வெட்டு மட்டும் இல்லை என்றால் மாட்யூல் மாட்டிக்கொண்டது. கடைசி உறுதிக்கு, பாலித்தீன் பையில் ஐஸ் கட்டி போட்டு அதன் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள், தண்ணீர் சொட்டாமல். வண்டி பிடித்தால் தீர்ப்பு முடிந்தது.

அமெரிக்க பிக்கப்பிலிருந்து வந்த யோசனை

மாட்யூலை இடம் மாற்றும் வேலை பிரபலமானது ஃபோர்டின் எஃப் சீரிஸ் பிக்கப்புகளால். 1980-களில் ஃபோர்டு, டி.எஃப்.ஐ. என்ற மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் முடுக்கி விற்றது. சூட்டில் வண்டி நடுச்சாலையில் நிற்கும் புகார்கள் குவிந்து வழக்கானது. 2000-ல் கலிஃபோர்னிய நீதிபதி ஒருவர் வண்டிகளைத் திரும்பப் பெறச் சொன்னார், அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. பிந்தைய மாடல் பிக்கப்புகளில் ஃபோர்டே அதை டிஸ்ட்ரிபியூட்டரை விட்டு எடுத்து, துடுப்பு வைத்த அலுமினியத் தகட்டில் தனியாக வைத்துவிட்டது.

இணையத்தில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் அந்த வண்டிக்கானவை. அப்படியே பார்த்து ஒயர் போடாதீர்கள். அதில் பிக்கப் காயிலுக்குப் பதில் காந்தத்தை உணரும் ஹால் சென்சர், மூன்று முனை, கூடவே இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர்கள் உண்டு. நம் பழைய வண்டிகளில் கம்ப்யூட்டரும் இல்லை, ஹாலும் இல்லை. இரண்டு ஒயர் பிக்கப் காயில்தான். அதற்குப் பொருந்துவது ஜெனரல் மோட்டார்ஸ் 1970-களின் நடுவில் எச்.இ.ஐ. என்ற பெயரில் கொண்டுவந்த நாலு முனை மாட்யூல். அதன் நகல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. உலகம் முழுக்கப் பழைய வண்டிக்காரர்கள் பயன்படுத்துவது இதைத்தான். உங்கள் டெல்கோவோடு வந்த மாட்யூலைத் தனியே கழற்ற முடிந்தால் அதையே நகர்த்தலாம். கழற்ற முடியாதபடி உள்ளே வார்த்திருந்தால், பிக்கப் ஒயர் இரண்டை மட்டும் வெளியே எடுத்து இந்த நாலு முனை மாட்யூலுக்குக் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: டெல்கோவைத் திறந்ததும் உள்ளே சி.பி. பாயிண்ட் தெரிந்தால் உங்களிடம் நகர்த்த மாட்யூலே இல்லை. பாயிண்ட் ஒயரை இந்த மாட்யூலின் பிக்கப் முனையில் நேரே கொடுக்கவும் கூடாது.

நகர்த்தும்போது எதை இழக்கிறோம்

முதல்முறை செய்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில். டெல்கோ மாட்யூலுக்குச் சூடு கொடுத்தது உண்மை. ஆனால் இரண்டு நல்லதும் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்று எர்த்: மாட்யூலின் அடித்தகடே அதன் நெகட்டிவ் முனை, டெல்கோ உடம்பு வழியாக அது இன்ஜினைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று நெருக்கம்: பிக்கப் ஒயர் இரண்டு அங்குலம்தான், ஒரு வோல்ட் அலை எந்த இரைச்சலும் கலக்காமல் போய்ச் சேர்ந்தது. மாட்யூலை மட்கார்டுக்குக் கொண்டுபோனால் சூட்டிலிருந்து தப்பிக்கும். அந்த இரண்டையும் நாம்தான் கையால் கட்டித்தர வேண்டும். நகர்த்திய பிறகு வரும் புகார்களில் முக்கால்வாசி இவற்றில் ஒன்றைக் கோட்டைவிட்டதால் வருபவை.

வாங்க வேண்டியவை

4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமன் அலுமினியத் தகடு, 10-க்கு 15 சென்டிமீட்டர். துடுப்பு வைத்த ஹீட் சிங்க் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய ஆம்ப்ளிஃபையர், இன்வெர்ட்டர் உடைத்துப் போடும் காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும். மாட்யூல், முடிந்தால் இரண்டு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் சின்ன டியூபில் விற்கும் வெள்ளை ஹீட் சிங்க் பேஸ்ட். 4 மில்லிமீட்டர் போல்ட், நட், பல் வாஷர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் சிவப்பிலும் கறுப்பிலும் போதுமான அளவு. பிக்கப்புக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் இரண்டு நிறத்தில். நாலு பின் ரிலே ஒன்று, 15 ஆம்பியர் ஃப்யூஸும் அதன் பிடியும். லக், சுருங்கும் ஸ்லீவ், நெளிவுக் குழாய், தகட்டு ஓட்டையில் ஒயர் அறுபடாமல் இருக்க ரப்பர் குரோமெட்.

பேஸ்ட் விஷயத்தில் கடையில் தெளிவாகக் கேளுங்கள். கனெக்டரில் ஈரம் ஏறாமல் தடவும் சிலிக்கான் கிரீஸ் வேறு, சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பேஸ்ட் வேறு. வீல் பேரிங் கிரீஸ் இரண்டுக்குமே ஆகாது.

இடம் தேர்வு

பேனட்டுக்குள் எங்கே காற்று வருகிறது, எங்கே கை சுடுகிறது என்று அரை மணி ஓட்டி நிறுத்திவிட்டுத் தடவிப் பாருங்கள். மேனிஃபோல்ட், சைலன்சர் பக்கம் வேண்டாம். ரேடியேட்டருக்கு நேர் பின்னாலும் வேண்டாம். அங்கே வருவது காற்றல்ல, ரேடியேட்டர் கழித்த அனல். இன்ஜின் மேலேயே வைக்கக் கூடாது, அதிர்வில் மாட்யூலின் உள்வேலை உதிரும். ஜீப், பிக்கப் வகைகளில் மேனிஃபோல்டுக்கு எதிர்ப்பக்க மட்கார்டின் உள்சுவர் பெரும்பாலும் சரியாக அமையும். சீட்டுக்கு அடியில் இன்ஜின் உள்ள வேன்களில் அந்தப் பெட்டிக்குள் எங்கே வைத்தாலும் வேகத்தான் செய்யும். டேஷுக்குக் கீழே, கால் படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

தண்ணீரையும் நினைவில் வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீர் சக்கரத்திலிருந்து எங்கே அடிக்கிறதோ, அதற்கு மேலே இருக்கட்டும். முனைகள் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருந்தால் தண்ணீர் தங்காது. துடுப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும், சூடான காற்று அவற்றுக்கிடையே மேலே ஏறிப் போகும். மேலூர்ப் பக்கம் கல் குவாரிச் சாலையில் ஓடும் வண்டியானால் துடுப்புக்குள் மாவு மாதிரித் தூசி அடையும். மாதம் ஒருமுறை பிரஷ் போட்டால் போதும்.

வேலையைத் தொடங்கலாம்

முதலில் பேட்டரி நெகட்டிவ். கழற்றிய பிறகு டெல்கோவுக்கும் பிளாக்குக்கும் இடையே ஒரு கோடு கீறி வையுங்கள். டெல்கோவைத் தூக்க வேண்டி வந்தால் டைமிங், அதாவது பொறி அடிக்கும் நேரம், தொலையாமல் இருக்கும்.

தகட்டில் மாட்யூலையே வைத்து ஓட்டையைக் குறித்து, 4.2 மில்லிமீட்டர் பிட்டால் துளையிடுங்கள். துளையின் வாயில் எழும்பும் பிசிறைப் பெரிய பிட்டால் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துவிட வேண்டும். அந்தப் பிசிறு இருந்தால் மாட்யூல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், நடுவில் காற்று இடைவெளி விழும். இவ்வளவு பாடுபட்டும் சூடு இறங்காது. கண்ணாடித் துண்டின் மேல் 400-ஆம் நம்பர் உப்புத்தாளை விரித்து, தகட்டை அதன் மேல் வட்டமாகத் தேய்த்தால் முகம் சமமாகிவிடும். ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள், கீழே ஒளி கசியக் கூடாது. பழைய ஹீட் சிங்க்கில் கறுப்புப் பூச்சு இருந்தால் மாட்யூல் உட்காரும் இடத்தில் மட்டும் பளபளப்பு தெரியும்வரை சுரண்டுங்கள். அந்தப் பூச்சு கரண்டைக் கடத்தாது.

பேஸ்ட்டை வெண்ணெய் மாதிரி அப்பக் கூடாது. அதன் வேலை, உலோகமும் உலோகமும் தொடாத நுண்ணிய பள்ளங்களை நிரப்புவது மட்டும். பட்டாணி அளவு எடுத்துப் பழைய ஏடிஎம் அட்டையால் வழித்துப் பரப்பினால், அடியில் உள்ள உலோகம் மங்கலாகத் தெரிய வேண்டும். மாட்யூலை வைத்து இலேசாக இப்படியும் அப்படியும் அசைத்து, போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒன்றை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் அடித்தகடு வளைந்துவிடும்.

இப்போது எர்த். மாட்யூலை முடுக்கும் போல்ட்டிலேயே லக் வைத்து, 2.5 கறுப்பு ஒயரை நேராக இன்ஜின் பிளாக்குக்குக் கொண்டுபோங்கள். மட்கார்டில் முடுக்கியாயிற்றே, பாடி எர்த் போதாதா என்று தோன்றும். போதாது. முப்பது வருஷப் பெயின்ட், துரு, டிங்கர் பட்டி ஆகியவற்றின் மேல் நிற்கும் மட்கார்டை நம்பி 5 ஆம்பியரை அனுப்ப முடியாது. பிளாக்கில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ்.

பிக்கப் ஒயர் இரண்டையும் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு முறுக்கு என்ற கணக்கில் ஒன்றோடொன்று முறுக்குங்கள். டிரில் மெஷினில் இரு முனையையும் கவ்வி ஓட்டினால் ஒரு நிமிட வேலை. முறுக்கினால் பக்கத்திலிருந்து வரும் இரைச்சல் இரண்டு ஒயரிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று கழித்துவிடும். பிளக் ஒயருக்கு இணையாக ஓடவிடாதீர்கள். தாண்டியே ஆக வேண்டுமென்றால் குறுக்கே, செங்குத்தாகத் தாண்டுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து சிலிண்டரின் பொறியையே புது உத்தரவு என்று எண்ணி மாட்யூல் அகாலத்தில் வெட்டும். ஆக்சிலரேட்டர் மிதித்தால் பட் பட்டென்று பின்வெடி கேட்கும். டெல்கோவிலிருந்து வெளியே வரும் இடத்தில் கொஞ்சம் தளர்வு விடுங்கள், வேக்குவம் தட்டு அசைய இடம் வேண்டும்.

நாலு முனைகளின் மேலும் ஆங்கில எழுத்து இருக்கும். டபிள்யூ, ஜி இரண்டும் பிக்கப் காயிலுக்கு. பி என்பது 12 வோல்ட் சப்ளை. சி என்பது காயிலின் நெகட்டிவ்.

சப்ளையைப் பழைய இக்னிஷன் ஒயரிலிருந்து நேரே எடுக்க வேண்டாம். தேய்ந்த சாவி ஸ்விட்ச் வழியாக வரும்போது இரண்டு வோல்ட் காணாமல் போயிருக்கும். ரிலேயின் 30-ஆம் பின்னுக்குப் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ஒயர், ஃப்யூஸ் பேட்டரிக்கு அருகிலேயே. 86-க்குப் பழைய இக்னிஷன் ஒயர், 85 எர்த். 87-லிருந்து காயில் பாசிட்டிவுக்கும் மாட்யூலின் பி முனைக்கும். காயிலுக்கு முன்னால் கரண்டைக் குறைக்கும் பீங்கான் மாதிரி ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் இருந்தால், பி முனைக்குப் போகும் சப்ளை அதன் வழியாக வரக் கூடாது. நாலு முனை மாட்யூல் கரண்டைத் தானே கட்டுப்படுத்தும், பேலஸ்ட் தேவையில்லை. காயில் மட்டும் பழையதாகவே இருக்கலாம். 3 ஓம் காயிலில் 14 வோல்ட்டுக்கு நாலரை ஆம்பியருக்கு மேல் ஓடவே ஓடாது, மாட்யூலும் நிம்மதியாக இருக்கும். பொறி கொஞ்சம் மெலிவு, ஆனால் லோடு வண்டிக்கு அதுவே போதும். அரை ஓம் காயில் போட்டால் பொறி பலம். மாட்யூல் கட்டுப்படுத்த வேண்டியது அதிகம், சூடும் அதிகம். எல்.பி.ஜி.யில் ஓடும் வண்டிக்குப் பொறி கிளம்பவே கூடுதல் வோல்ட் வேண்டும் என்பதால் அங்கே அரை ஓம் காயில் நியாயம், பெரிய ஹீட் சிங்க்கோடு.

காயில் நெகட்டிவில் பாயிண்ட் காலத்துக் கண்டென்சர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். ரேடியோ இரைச்சலுக்கான கண்டென்சர் பாசிட்டிவில் இருந்தால் இருக்கட்டும்.

ஓடவிட்டுப் பார்ப்பது

சாவி போட்டதும் பேட்டரி பாசிட்டிவுக்கும் மாட்யூலின் பி முனைக்கும் இடையே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது மாட்யூலின் அடித்தகட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்குக் கீழே. இந்த இரண்டு எண்ணும் சரியென்றால் ஒயரிங் சரி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பிடிக்காமல், சாவியை விட்ட கணத்தில் மட்டும் இன்ஜின் உதறினால், 86-க்கு எடுத்த ஒயரில் ஸ்டார்ட் நிலையில் கரண்ட் வரவில்லை. இரண்டு நிலையிலும் வரும் ஒயரைத் தேட வேண்டும்.

வண்டி ஓடுகிறது என்பதற்காக டைமிங் லைட்டை மூடி வைத்துவிடாதீர்கள். பிக்கப் ஒயர் இரண்டும் இடம் மாறியிருந்தாலும் வண்டி ஓடும். ஆனால் கெட்டு ஓடும். பல் கடக்கும்போது எழும் அலை ஒரு பக்கம் மெல்ல ஏறி, மறுபக்கம் செங்குத்தாக விழும். மாட்யூல் வெட்ட வேண்டியது அந்தச் செங்குத்தில். ஒயர் மாறினால் சரிவில் வெட்டும். பொறி பல டிகிரி தள்ளிப்போகும், வேகம் கூடக் கூட அலையும். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் டைமிங் குறி எங்கே நிற்கிறது என்று லைட்டில் பாருங்கள். நிலையில்லாமல் ஆடினாலோ, இழுவை செத்திருந்தாலோ டபிள்யூ, ஜி ஒயரை மாற்றிப் போட்டு மறுபடி டைமிங் வையுங்கள். பல்லுக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், உங்கள் வண்டியின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பித்தளை ஃபீலர் கேஜில் பாருங்கள். இரும்பு கேஜைக் காந்தம் பிடித்துக்கொண்டு பொய் அளவு காட்டும்.

பிறகு சோதனை வெயிலில். அழகர்கோவில்வரை போய்வந்து, பேனட்டை மூடியபடி பதினைந்து நிமிடம் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். ஹீட் சிங்க்கைத் தொட்டால் சூடாக, ஆனால் கையை வைத்திருக்கும்படி இருக்க வேண்டும். மாட்யூல் கொதிக்கிறது, தகடு மட்டும் குளிர்ந்திருக்கிறது என்றால் இரண்டுக்கும் நடுவே சூடு கடக்கவில்லை. பிசிறையோ பேஸ்ட்டையோ போய்ப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் மாட்யூலைக் கொல்பவை

சூட்டிலிருந்து காப்பாற்றிய மாட்யூலைக் கையால் கொல்லும் வழி ஒன்று பட்டறைகளில் தினம் நடக்கிறது. எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காற்றில் பிடிப்பது. பாயிண்ட் வண்டியில் அது குற்றமில்லை. மாட்யூல் வண்டியில், இறங்க வழியில்லாத வோல்ட் காயிலிலேயே தேங்கி, நெகட்டிவ் முனை வழியாக டிரான்சிஸ்டரின் மேல் பாயும். பத்து நொடியில் போனாலும் போகும், உள்காயம் பட்டு அடுத்த மாதம் போனாலும் போகும். பிடுங்கித்தான் பார்க்க வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்திவிட்டு, அந்த ஒயரில் உதிரி பிளக் மாட்டிப் பாடியில் கட்டிய பிறகு ஓட்டுங்கள். மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போதே, ‘அண்ணே, இது மாட்யூல் வண்டி, ஒயரைக் காத்துல பிடுங்காதீங்க’ என்று சொல்லிவிடலாம், தப்பாக நினைக்க மாட்டார்.

அடுத்தது லாரி பேட்டரி. நெடுஞ்சாலையில் பேட்டரி இறங்கி நிற்கும்போது உதவிக்கு வரும் லாரியில் பெரும்பாலும் இருப்பது இரண்டு பேட்டரியைச் சேர்த்துக் கட்டிய 24 வோல்ட். அதிலிருந்து ஜம்பர் போட வேண்டியிருந்தால் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலிருந்து மட்டும் எடுங்கள். சேசிஸில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மாட்யூல் சாக்கெட்டையும் பிடுங்கிவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் அந்தப் பக்கம் பாலித்தீன் சுற்றச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் ஓடிய பிறகு மாட்யூல் போல்ட், எர்த் லக் இரண்டையும் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும். பேஸ்ட் அமுங்கியதில் கால் சுற்று இடம் விட்டிருக்கும். வாங்கிய இரண்டாவது மாட்யூலையும் பேஸ்ட் டியூபையும் ஒரு ஸ்குரூ டிரைவரோடு துணியில் சுற்றி டேஷ் பெட்டியில் போட்டு வையுங்கள். டெல்கோ மூடியைத் திறக்காமல், டைமிங்கைத் தொடாமல், வாடிப்பட்டி பைபாஸ் ஓரத்தில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.